புதுக்கடைக்கு ஒரு கறுப்புக் கோட்

முதலில் ஒரு நூலை உருவி
எரித்துப் பார்த்தேன்.
கெய்சர் வீதிக் கடைக்காரர் முகம் சுளித்தார்.
"அசல் கம்பளி அக்கா, சொன்னா நம்புங்க."
நான் சொல்லை நம்புவதில்லை,
மணத்தைத்தான்.
முதல் துணி மணியாய் உருகி
நகத்தில் ஒட்டியது.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவது
தலைமயிர் கருகும் நாற்றத்தோடு
சாம்பலாய் உதிர்ந்தது.
இதில் இரண்டரை மீற்றர் என்றேன்.
விலையைக் கேட்டபோது
கருகியது என் தலைதான் போலிருந்தது.

றினோஸுக்கு வியாழக்கிழமை சத்தியப்பிரமாணம்.
மாளிகாவத்தை மாடிப்படிக் கம்பியில் சறுக்கி
ஏழு வயதில் முறித்த இடக்கை
ஒன்றேகால் அங்குலம் குட்டை.
எந்தக் கடையில் எந்தக் கோட்டைப் போட்டாலும்
ஒரு மணிக்கட்டு வெளியே தெரியும்,
மற்றது ஒளிந்துகொள்ளும்.
"பரவாயில்லை, கையை மடக்கி நிப்பேன்" என்றான்.
நாள் முழுக்க மடக்கிய கையோடு
எப்படி வழக்குப் பேசுவாய், தம்பி?

வெட்டுத்தாளைப் பழைய பத்திரிகையில் வரைந்தேன்.
முதுகு, விளையாட்டுச் செய்தியில் விழுந்தது.
இடக்கை, மரண அறிவித்தலில்.
முழங்கை வளைகிற இடத்தில்
யாரோ ஒரு ஐயா சிரித்துக்கொண்டிருந்தார்.
அவரை வெட்ட மனமில்லாமல்
தாளைக் கொஞ்சம் நகர்த்தினேன்.
பிறகு மல் துணியில் ஒரு பொய்க் கோட்,
அதைப் போட்டுப் பார்த்து
ஊசி குத்தி
கழற்றி
மறுபடி வரைந்து.
மூன்று இரவு இதற்கே போனது.
நல்ல துணிக்கு முன்னால்
கத்திரிக்கோலைத் திறந்தபடி
ஒரு தேநீர் ஆறும் மட்டும் நின்றேன்.
தாளில் பிழைத்தால் இன்னொரு தாள்.
கம்பளியில் பிழைத்தால்
இரண்டு மாத வாடகை.

என் மெசின் அந்த நேரம் பார்த்து
பாஞ்சிகாவத்தைத் திருத்தகத்தில் கிடந்தது.
வெள்ளவத்தை மச்சாள் தன் புதியதைத் தந்தாள்.
விளக்கெரியும், பீப் என்னும்,
எண்பது வகைத் தையல் போடும்.
எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று,
அதற்குள் எண்பதும் என்னைப் பார்த்தன.
தோள்பட்டையில் கையைப் பொருத்தினேன்,
சுருங்கிய முகம்போல் வந்தது.
பிரித்தேன்.
இரண்டாம் முறையும் அதே முகம்.
அதன்மேல் குற்றமில்லை.
நாங்கள் இன்னும்
அறிமுகமாகவில்லை, அவ்வளவுதான்.

புதன் காலை பஸ்ஸில் வெறுங்கையோடு போய்
முச்சக்கர வண்டியில் அவளோடு திரும்பினேன்.
மடியில் இரும்பு, முழங்கால் முழுக்க எண்ணெய்.
மழைக்கு முன் வார் தொய்யும், தெரியும்.
பின்னால் தைத்தால் அரைத் தையல்
இடப்பக்கம் சாயும், தெரியும்.
நாலு மடிப்பு வந்தால் மிதிக்கக் கூடாது,
சில்லைக் கையால் உருட்ட வேண்டும்,
மாட்டை வாய்க்கால் கடத்துவதுபோல்.
எட்டரைக்குக் கொட்டாஞ்சேனையில் கரண்ட் போனது.
கறுப்புத் துணி, கறுப்பு நூல்,
கறுப்பு இரவு.
மெழுகுதிரியை எட்ட வைத்துவிட்டு
காதால் தைத்தேன்.
டக்கு டக்கு என்றால் சரி.
டொக் என்றால் ஊசி எலும்பைத் தொட்டுவிட்டது.
ஒரு தரமும் டொக் என்கவில்லை.

விடிய ஐந்தரைக்கு வந்தான், தலை ஈரத்தோடு.
அலுமாரிக் கண்ணாடிமுன் நின்று
சத்தியம் செய்வதுபோல் கையை உயர்த்தினான்.
கழுத்து எழும்பவில்லை, முதுகு இழுக்கவில்லை.
இறக்கினான்.
இரண்டு மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.
ஒன்றும் பேசாமல் மறுபடி உயர்த்தினான்,
இந்த முறை இடக்கையை.

"எவ்வளவு அக்கா?" என்றான் பிறகு.
சொன்னேன்.
அவனுக்கும் தலை கருகியிருக்க வேண்டும்.
"பாதி இப்ப, மீதி முதல் வழக்குக்குப் பிறகு தா.
அக்குளிலும் முதுகிலும்
உள்ளே ஒரு அங்குலம் மிச்சம் விட்டிருக்கிறேன்.
உழைத்துப் பெருத்தால் கொண்டு வா,
திறந்து விடலாம்."

அவன் படியிறங்கும்போது
கம்பியைப் பிடிக்காமல் போனான்.
நான் தாள்களைச் சுருட்டி
பெயரும் தேதியும் எழுதி
ஆணியில் மாட்டினேன்,
அந்த ஐயா
சிரித்தபடியே தொங்கினார்.